எரியும் மண்ணும் ஓடும் நீரும்

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலின் மடைப்பள்ளியில் விறகடுப்பு மரபு இன்னும் அற்றுப்போகவில்லை. காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி நகரத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றிலும் ரமலான் பிற்பகல்களில் நோன்புக் கஞ்சி காயும் தேக்சாக்களின் அடியில் சவுக்கு விறகே கனன்றுகொண்டிருக்கக் காண்கிறோம். ஆற்றின் இரு கரையிலும் எழும் இப்புகை நமக்குப் பழகிய புகை. மரத்தை எரிப்பதும், வறட்டியை எரிப்பதும், உமியை எரிப்பதும் நாம் அறிந்தவையே. மண்ணையே வெட்டியெடுத்து எரிப்பார்கள் என்றால் நம்மில் பலர் வியப்படையக்கூடும். ஆனால் அவ்வாறு எரியும் மண் நம் தமிழகத்திலேயே உண்டு. ஒரு காலத்தில் அது அடுப்புகளில் எரிந்ததும் உண்டு. அது கிடக்கும் மலையிலிருந்து கசியும் நீர், ஸ்ரீரங்கத்தை வளைத்தோடும் காவிரியோடு கலக்கிறது. அம்மண்ணின் கதையையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

ஆங்கிலேயர் இதனைப் 'பீட்' என்பர். தமிழில் 'முற்றா நிலக்கரி' என்று வழங்குவர், பொருத்தமான பெயர்தான். நீர் தேங்கி நிற்கும் சதுப்பில் புல்லும் கோரையும் பாசியும் மடிந்து விழுகின்றன. நல்ல நிலமாயின் காற்றிலுள்ள உயிர்வளியின் துணையால் நுண்ணுயிர்கள் அவற்றை விரைவில் தின்று தீர்த்துவிடும். சதுப்பிலோ நீர் மூடிக்கொள்வதால் உயிர்வளி உட்புகுவதில்லை. மடிந்தவை முழுதும் மட்காமல், பாதி மட்கிய நிலையில், கரிய பஞ்சு போலப் படிகின்றன. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் படிந்தால் அது நல்ல வளர்ச்சி எனக் கொள்ளப்படுகிறது. ஒரு மீட்டர் படிவு ஆயிரம் ஆண்டுகளின் உழைப்பு என்பது இதன் பொருள். இப்படிவின்மேல் மண்ணும் பாறையும் ஏறி, பல கோடி ஆண்டுகள் அழுத்தமும் வெப்பமும் தொழிற்பட்டால், அது முதலில் பழுப்பு நிலக்கரியாகவும் பின்னர்க் கருநிலக்கரியாகவும் மாறுகிறது. நெய்வேலியில் வெட்டியெடுப்பது அப்பயணத்தின் நடுவழியில் நிற்பது. முற்றா நிலக்கரி பயணத்தின் தொடக்கத்திலேயே நிற்பது.

வெட்டியெடுத்தவுடன் இதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீராகவே இருக்கும். ஆகவே எரிக்க விரும்புவோர் முதலில் சதுப்பில் வாய்க்கால் தோண்டி நீரை வடிப்பர்; பின் செங்கல் வடிவில் வெட்டி, அடுக்கி, வெயிலிலும் காற்றிலும் பல வாரங்கள் உலர்த்துவர். உலர்ந்த கட்டியின் வெப்பத்திறன் நல்ல நிலக்கரியில் ஏறக்குறைய பாதி. மரம் அரிதான குளிர்நாடுகளில் ஏழைகளின் எரிபொருளாக இது விளங்கிற்று. வட கடலோர மக்கள் கையால் அள்ளிய சேற்றை உலர்த்தி எரித்து உணவு சமைத்ததை உரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் செங்கல் சூளைகளும் சாராய ஆலைகளும் இதன் வெப்பத்திலேயே இயங்கின. நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்துக்கொண்ட அந்த வணிகர்களின் செல்வத்திற்குப் பின்னே கடலோடித் திறன் மட்டுமன்றி, தம் நாட்டுச் சதுப்பை வெட்டியெரித்த வெப்பமும் இருந்தது. வெட்டிய இடங்கள் ஏரிகளாயின. வடித்த இடங்கள் அமிழ்ந்து கடல் மட்டத்துக்கும் கீழே போயின. அந்நாடு இன்றளவும் அணைகட்டி நீரிறைத்து வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டுக்கு வருவோம். வெப்பமண்டலச் சமவெளியில் மட்குதல் விரைவாக நடப்பதால் இத்தகைய படிவு அரிது. நீலகிரியின் மேட்டுச் சமநிலமோ கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் நிற்பது. அங்கே குளிர் உண்டு. இரு பருவமழையும் உண்டு. புல்வெளி மேடுகளுக்கிடையே நீர் தேங்கும் பள்ளங்களும் உண்டு. உதகமண்டலத்தைச் சுற்றியுள்ள சாண்டிநல்லா, கோல்கிரெயின் போன்ற இடங்களின் பள்ளத்தாக்குகளில் கரிய படிவு சில மீட்டர் ஆழம் வரை கிடக்கிறது. காலை வைத்தால் மெத்தை போல அமுங்கும். கையால் பிழிந்தால் தேநீர் நிறத்தில் நீர் வடியும். தோதவரின் எருமைகள் கோடையில் பசும்புல் தேடி வருவது இச்சதுப்புகளையே. தோதவர் தம் புனிதக் கட்டடங்களுக்குக் கூரை வேயும் ஒருவகைப் புல்லும் இந்த ஈரநிலங்களில் வளர்வதே. வெளியூரார் கண்ணுக்கு இது பயனற்ற சேறு. அங்கு வாழ்ந்தவருக்கு மேய்ச்சலும் வழிபாடும் இதனோடு பிணைந்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர் உதகையைக் கோடைத் தலமாக்கினர். வீடுதோறும் கணப்படுப்பு, குளிருக்கு இரவெல்லாம் நெருப்பு. சோலைக்காடுகள் சிறியவை; மெல்ல வளர்பவை. சில பத்தாண்டுகளிலேயே நகரத்தைச் சுற்றிய சோலைகள் கோடரிக்கு இரையாகி, விறகுத் தட்டுப்பாடு தலைதூக்கிற்று. தம் நாட்டில் சேற்றுக்கரியை எரித்துப் பழகியவர்களுக்கு நீலகிரிச் சதுப்பு கண்ணில் படாமல் இருக்குமா? அதனை வெட்டி, உலர்த்தி, உதகையில் எரிபொருளாகப் பயன்படுத்தினர். அந்நூற்றாண்டின் நிலவியல் குறிப்புகளும் மாவட்டக் கையேடுகளும் நீலகிரியின் முற்றா நிலக்கரியை எரிபொருள்களின் வரிசையில் வைத்துப் பேசுகின்றன. எனினும் அது நிலையான தொழிலாக வேரூன்றவில்லை. ஆண்டில் பல மாதம் மழையும் பனிமூட்டமும் நிலவும் மலையில் நீர்க்கட்டியை உலர்த்துவது எளிதன்று. அதனினும் எளிய வேறொரு வழியை அவர்கள் கண்டுபிடித்ததே உண்மையான காரணம்.

அவ்வழி ஆஸ்திரேலிய மரங்கள். சீகை எனப்படும் வாட்டில் மரங்கள் முன்னரே வந்துவிட்டன. 1843-இல் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் நீலக்கற்பூர மரத்தை, அதாவது நாம் தைலமரம் என்று சொல்லும் யூகலிப்டஸை, உதகையில் நட்டார். காட்டன் என்றவுடன் திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பு நினைவுக்கு வரும். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டி, காவிரிப் பாசனத்தைக் காத்தவர் ஆர்தர் காட்டன். மலையில் மரம் நட்டவர் அவருடைய தம்பி ஃபிரெடெரிக் காட்டன். ஒருவர் ஆற்றின் அடிப்பகுதியில் நீரைப் பங்கிட்டார். மற்றவர் ஊற்றுக்கண் அருகே, தாம் அறியாமலேயே, நீரைக் குறைக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1860-களில் அரசே தைலமரத் தோட்டங்களை எழுப்பலாயிற்று. நோக்கம் வேறொன்றுமில்லை, விறகு. பின்னாளில் அதே மரங்கள் சிறுமுகையில் பவானிக் கரையில் இருந்த செயற்கைப்பட்டு ஆலைக்குக் கூழாகச் சென்றன. அந்த ஆலையின் கழிவு பவானி நீரையே கெடுத்து, மக்கள் போராட்டத்துக்குக் காரணமானது தனிக்கதை. புல்வெளிகளின்மேல் தோப்புகள் பரவியதைத் தொடக்கத்தில் ஒருவரும் தீங்கெனக் கருதவில்லை. மரம் நடுவது எப்போதும் நன்மையே என்ற எண்ணம் நம்மிடம் இன்றும் அப்படியே இருக்கிறது.

புல்வெளி ஒரு பஞ்சு. சதுப்பு அப்பஞ்சின் அடியிலுள்ள தொட்டி. மழைக்காலத்தில் உறிஞ்சிக்கொண்டு, மழையில்லாத மாதங்களில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது அவற்றின் இயல்பு. ஆழ வேரூன்றும் தைலமரம் ஆண்டு முழுவதும் இலையோடு நின்று நீரை உறிஞ்சி ஆவியாக்குகிறது. இதனை வெறும் ஊகமாக விடாமல் அளந்து பார்த்தவர்கள் உதகமண்டலத்து மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார். கிளென்மார்கன் பகுதியில் ஒன்றையொன்று ஒத்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் புல்வெளியை இயல்பாக விட்டு, மற்றதில் ஒரு பகுதிக்குத் தைலமரம் நட்டு, ஓடைகளில் வரும் நீரைப் பல்லாண்டுகள் கணக்கிட்டனர். முதற்சுற்றின் பத்தாண்டுகளில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. கோடையின் அடியோட்டத்தையும் இது பாதித்தது.

இந்த நீர் எங்கே செல்கிறது? சாண்டிநல்லா, கிளென்மார்கன் ஓடைகள் பைக்காரா நீரமைப்பைச் சேர்ந்தவை. 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றியது இந்நீரே. சேற்றுக்கரியை எரித்தால் ஒருமுறை வெப்பம் கிடைக்கும்; அதனை எரிக்காமல் விட்டால் அது தேக்கிவைக்கும் நீர் ஆண்டுதோறும் மின்சாரம் தரும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. மலையிறங்கிய நீர் மாயாற்றில் சேர்ந்து, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலந்து, பவானி நகரில் காவிரியை அடைகிறது. அங்கிருந்து கரூரைக் கடந்து முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கத் தீவை இரு கைகளாலும் அணைத்துக்கொள்கிறது. மிகைப்படுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை. பவானியின் நீரில் பெரும்பகுதி கொங்குநாட்டுப் பாசனத்திலேயே செலவாகிவிடுகிறது; எஞ்சியதும் வெள்ள உபரியுமே நம்மை எட்டுகின்றன. காவிரியின் தலைவிதியைப் பெரிதும் தீர்மானிப்பது மேட்டூர்தான். எனினும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று, கோடையில் மணல் மட்டும் தெரியும் ஆற்றை நோக்குபவர், இந்த ஆற்றின் ஊற்றுகளில் ஒன்று கரிய சேற்றின் பஞ்சுக்குள் இருக்கிறது என்பதை அறிந்திருத்தல் நன்று. தமிழக அரசு 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கெனக் கொள்கை வகுத்தது. சீகை அதில் முக்கிய இலக்கு. ஆனால் வடிகால் வெட்டி, உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிராகும் சதுப்புகளை எப்படி மீட்பது என்பது மரம் வெட்டுவதைவிடக் கடினமான கேள்வி. அங்கே சிறு விவசாயியின் பிழைப்பும் இருக்கிறது.

சதுப்பு நீரை மட்டும் சேமிப்பதில்லை; காலத்தையும் சேமிக்கிறது. 1993-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரிப் படிவுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர்பெற்றது. முறை நுட்பமானது, கருத்து எளியது. வெயிலும் வறட்சியும் தாங்கும் வெப்பமண்டலப் புற்கள் கரியை உட்கொள்ளும் முறை வேறு. மரங்களும் ஈரநிலத் தாவரங்களும் உட்கொள்ளும் முறை வேறு. ஆகவே அவற்றின் உடலில் கார்பன்-12, கார்பன்-13 ஆகிய இருவகைக் கரியணுக்களின் விகிதம் வேறுபடுகிறது. படிவின் ஒவ்வோர் அடுக்கிலும் இவ்விகிதத்தை அளந்து, கதிர்க்கரி முறையால் வயதையும் கணித்தால், எந்தக் காலத்தில் வறட்சிப்புல் ஓங்கியது, எந்தக் காலத்தில் ஈரம் ஓங்கியது என்பது தெரிந்துவிடும். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, பருவமழை நலிந்து வறட்சி நிலவிற்று. பின்னர் சுமார் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை பெருகிற்று. ஆறாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய இடைக்காலத்தில் மீண்டும் வறண்டது என அவர்கள் கண்டனர். 1997-இல் வெளிவந்த தொடர் ஆய்வு இப்பதிவை நாற்பதாயிரம் ஆண்டுவரை பின்னோக்கி நீட்டிற்று. கல்வெட்டும் செப்பேடும் ஏடும் எட்டாத காலத்துப் பருவமழையின் வரலாறு இச்சேற்றில் எழுதப்பட்டிருக்கிறது. உதகையின் கணப்படுப்புகளில் எத்தனை ஆயிரம் ஆண்டுகளின் ஏடுகள் எரிந்துபோயின என்பதை இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

சுற்றுச்சூழல் கேடு என்று வரும்போது முதலில் எண்ணத்தக்கது புகைபோக்கியன்று, வடிகால். நீரை வடித்தவுடன் உயிர்வளி உட்புகுகிறது; ஆயிரமாண்டு காத்திருந்த நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. தீக்குச்சி உரசாமலேயே சதுப்பு கரியமில வாயுவாகக் கரையத் தொடங்குகிறது. உலக நிலப்பரப்பில் இத்தகைய சதுப்புகள் சுமார் 3 விழுக்காடே. ஆயினும் உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து தாங்கும் கரியைவிட மிகுதியான கரி இவற்றில் உறங்குகிறது. எரித்தாலோ கணக்கு இன்னும் மோசம். பன்னாட்டுக் காலநிலைக் குழு வகுத்துள்ள அளவுகோலின்படி, ஒரு மெகாஜூல் வெப்பம் பெற இயற்கை எரிவாயு சுமார் 56 கிராம் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. கருநிலக்கரி சுமார் 95 கிராம். பழுப்பு நிலக்கரி 101 கிராம். முற்றா நிலக்கரி 106 கிராம். இது தாவரந்தானே, மீண்டும் வளருமே, விறகு போலத்தானே என்று வாதிடுவோர் உண்டு. ஓராண்டில் எரிப்பது வளர ஆயிரம் ஆண்டு வேண்டுமெனில் அதனைப் புதுப்பிக்கத்தக்கது என்பது சொல்லின் மேல் செய்யும் கொடுமை.

இதன் புகையை நேரில் சுவாசித்த தமிழர் பலர் உண்டு. அவர்களுள் கணிசமானோர் நம்மவர். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நாள்தோறும் பறப்போர் யாரென்று நாம் அறிவோம். சுமத்திரா, போர்னியோ தீவுகளின் கரையோரச் சதுப்புக்காடுகள் பல மீட்டர் ஆழமுள்ள முற்றா நிலக்கரியின்மேல் நிற்பவை. 1990-களின் நடுவில் இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோவின் அரசு, மத்திய கலிமந்தானில் பத்து இலட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கப் போவதாகத் திட்டமிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் தோண்டிற்று. நெல் விளையவில்லை, சதுப்பு வறண்டது. 1997-இல் எல்நினோ வறட்சி வந்தபோது தீ பற்றிற்று. இத்தீ சுவாலை விட்டு எரிவதில்லை. நிலத்துக்கு அடியில் உமித்தணல் போலக் கனன்று, மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடங்காமல், மாதக்கணக்கில் புகைவது. அவ்வாண்டு இந்தோனேசியச் சதுப்புத் தீயில் வெளியேறிய கரி, உலகம் முழுவதும் அவ்வாண்டு எரித்த புதைபடிவ எரிபொருளின் கரியில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும் என 2002-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாயம். மலேசியாவின் மூவார் பகுதியில் அந்த ஜூனில் நெருக்கடிநிலை அறிவித்தார்கள். 2015-இல் இருபத்தைந்து இலட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அந்நாட்களில் முகமூடி அணிந்து கட்டுமானத் தளங்களிலும் உணவகங்களிலும் உழைத்தவர்கள் அனுப்பிய பணத்தில்தான் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைச் சிற்றூர்களில் எத்தனையோ வீடுகள் எழுந்தன. புகைக்குக் காரணம் எரிபொருள் தேவையன்று, நிலத்தாசை என்பது உண்மை. ஆனால் சதுப்பை வடித்தல் என்ற முதற்செயல் இரண்டுக்கும் ஒன்றே.

திருச்சிக்கு மிக அருகில் இதன் மூத்த உடன்பிறப்பு கிடக்கிறது. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து இப்போது அரியலூர் மாவட்டத்தில் அடங்கும் ஜெயங்கொண்டம் வட்டாரத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி உண்டு. நெய்வேலியைப் போல அங்கும் சுரங்கமும் மின்நிலையமும் அமைக்கவென 1990-களின் பிற்பகுதியில் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கம் தோண்டப்படவேயில்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் தலைமுறை கடந்து நீண்டன. நிலம் உழவனுடையதா, அரசினுடையதா என்ற ஐயத்திலேயே கால் நூற்றாண்டு கழிந்தபின், திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்க்கே திருப்ப அரசு முடிவெடுத்தது. இத்தகைய ஈரமிக்க கரியை எரிக்கும் கொதிகலன் நுட்பத்தில் திருச்சிக்கும் பங்குண்டு. 1965-இல் உற்பத்தி தொடங்கிய திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை, சூடான மணற்படுகையைக் காற்றால் கொதிப்பது போல எழுப்பி, தரங்குறைந்த எரிபொருளையும் அதில் எரிக்கும் முறையைக் கையாண்டுவருகிறது. பின்லாந்தில் முற்றா நிலக்கரியையும் மரக்கழிவையும் எரிக்கப் பெரிதும் பயன்பட்ட முறையும் இதுவே. நுட்பம் குற்றமற்றது, அதில் எதைக் கொட்டுகிறோம் என்பதே கேள்வி.

2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. முதலில் அறிவிப்பு வந்தபோது திருச்சிராப்பள்ளி, அரியலூர், கரூர் மாவட்டங்களும் பேசப்பட்டன. சட்டத்தின் அட்டவணையிலோ தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களுமே இடம்பெற்றன. 2023-இல் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு வைத்த பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரி, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி ஆகிய மூன்றும் இருந்தன. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். சில நாட்களிலேயே மூன்றையும் விலக்குவதாக அமைச்சகம் அறிவித்தது. மகிழத்தக்கதே. ஆயினும் மைக்கேல்பட்டியைக் காத்தது அரசியல் அழுத்தம். அட்டவணையில் இல்லாத மாவட்டத்துக்கு அச்சட்டத்தின் காப்பு இல்லை. திருச்சி மாவட்டத்து நஞ்சைக்கும் இது பொருந்தும்.

நிலத்தடிச் செல்வம் யாருடையது என்பதில் நம் முன்னோரான சட்ட அறிஞர்கள் நுட்பமாகச் சிந்தித்தவர்கள். நீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றையும் மக்களுக்குப் பொதுவாக்கும் நபிமொழி அபூதாவூது தொகுப்பில் இடம்பெறுவதை வாசகர் அறிவர். அதிலுள்ள நெருப்பு என்பதற்குப் பொதுநிலத்து விறகு என்றும் பொருள் கொண்டோர் உண்டு. பதினோராம் நூற்றாண்டு ஷாஃபிஈ அறிஞர் மாவர்தீ தம் ஆட்சியியல் நூலில் கனிமங்களை வெளிப்படையானவை, மறைந்தவை என இருவகைப்படுத்தி, உப்பு, நிலக்கீல் போன்று மேலேயே கிடைப்பவற்றைத் தனியொருவருக்கு ஒதுக்கீடாக வழங்கலாகாது என்கிறார். யமனில் மஅரிப் உப்புப் படுகையை அப்யழ் பின் ஹம்மால் கேட்டுப் பெற்றதும், அது வற்றாத நீரைப் போன்றது எனத் தெரிந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவ்வொதுக்கீட்டைத் திரும்பப் பெற்றதும் இதற்கு ஆதாரம். நீலகிரிச் சதுப்பு இவ்வகைக்குள் எப்படி அடங்கும் என ஆலிம்கள் ஆராயலாம். அது மேலே கிடப்பது, எரிவது, மேய்ச்சல் தருவது, நீரும் தருவது. மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருக்கையில் ஒன்றை எடுக்கப் புகுந்தால் மற்ற இரண்டும் அழியும் என்பதே இங்குள்ள சிக்கல். பழைய நூல்கள் உரிமையைப் பேசும்போது இத்தகைய மோதலை முன்னிறுத்திப் பேசியதாக நாம் காணவில்லை. ஆகவே இது இக்காலத்தவர் எழுதவேண்டிய இயல்.

இலங்கையில் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையே முத்துராஜவெல என்னும் கரையோரச் சதுப்பு இருக்கிறது. அங்கும் முற்றா நிலக்கரிப் படிவு உண்டு. அதன் வடபகுதி 1996-இல் சரணாலயமாயிற்று. 2003-இல் வந்த ஒரு பொருளியல் ஆய்வு, சதுப்பு இருந்தபடியே இருப்பதால் ஆண்டுக்கு எண்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஈடான பயன் கிடைப்பதாகக் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதால் வருவது. எரிபொருளாக எடைபோட்டால் சேறு. வெள்ள அரணாக எடைபோட்டால் செல்வம்.

மேலைநாடுகள் இப்போது பின்வாங்குகின்றன. 1946-இல் இதற்கெனவே அயர்லாந்து நிறுவிய அரசு நிறுவனமான 'போர்ட் நா மோனா', 2021 ஜனவரியில் வெட்டுதலை முற்றாக நிறுத்திவிட்டதாக அறிவித்தது. 2020 இறுதியில் இரு மின்நிலையங்கள் மூடப்பட்டன. எஞ்சிய ஒன்றும் 2023 முடிவோடு இதை எரிப்பதை விட்டது. முன்னர் வெட்டிய நிலங்களில் இப்போது வடிகால்களை அடைத்து நீரைத் தேக்குகின்றனர். அடுப்பிலிருந்து விலகினாலும் தோட்டக்கலையிலிருந்து அது எளிதில் விலகவில்லை. ஐரோப்பாவின் நாற்றங்கால்களுக்கு நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு போன்ற ஊடகம் வேண்டும். அதற்கு மாற்றாக அவர்கள் கண்டெடுத்தது நம் தென்னை நார்க்கழிவு.

ஒரு காலத்தில் பொள்ளாச்சிச் சாலையோரங்களில் குன்று குன்றாகக் குவித்து எரித்துத் தீர்த்த அத்தூள், இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. உழவனுக்கு வருவாய், ஐரோப்பியச் சதுப்புக்கு ஓய்வு. ஆனால் தூளிலுள்ள உப்பை நீக்கப் பலமுறை கழுவவேண்டும். கழுவிய நீர் தேநீர் நிறத்தில் நிலத்தில் இறங்குகிறது. கிணறுகள் நிறம் மாறியதாகக் கொங்குநாட்டு உழவர்கள் முறையிட்டதன்பின், 2021 நவம்பரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை மாசற்றவை என்னும் வெள்ளை வகையிலிருந்து எடுத்து ஆரஞ்சு வகையில் வைத்தது. அயர்லாந்தில் வெட்டாமல் விடப்பட்ட சேற்றின் நிறமே இங்கே கிணற்று நீரில் தெரிகிறது. அந்தக் கொங்குநாட்டின் ஆறுகளான பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் முக்கொம்பை எட்டுமுன் காவிரியில்தான் வந்து சேர்கின்றன.